கால் எஞ்சின் ஓட்டிய சீனிமுகம்மது

சீனிமுகம்மது பிறந்தது கல்முனைக்குடியில். சாய்ந்தமருதில் ஸம்ஸியாவை முடித்து, எங்கள் பக்க வழக்கப்படி பெண்சாதியின் வீட்டுக்குக் குடிவந்தார். அந்த வீடும் என் வீடும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். நான் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். அவர் வந்திறங்கிய நாளில் கொண்டுவந்தது ஒரு துணிமூட்டையும் ஒரு தகரப் பெட்டியும். பெட்டியை வண்டியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே முழுக்க இரும்புச் சாமான்.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் திருகோணமலைக்குக் கூலியாகப் போனவர். துறைமுகத்தில் மோட்டார்ப் படகுகளுக்குக் கிறீஸ் அடிக்கும் வேலையில் தொடங்கி, நாலு வருஷத்தில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார். தமிழ் எழுத வாசிக்கத் தெரியும். இங்கிலீஷில் சாமான்களின் பெயர் மட்டும் தெரியும். யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷத்தில் ஊர் திரும்பியவர் சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லில் எஞ்சின்காரராகச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் அங்கேயே இருந்தார். விடிந்ததும் வயல்வெளி றோட்டால் சைக்கிளில் போவார், பொழுது படத் திரும்புவார். ஒரு மரக்குச்சியின் ஒரு நுனியை எஞ்சினில் வைத்து மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே எந்தச் சாமான் தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். பிரித்துப் பார்த்தால் அதுதான் தேய்ந்திருக்கும்.

நல்ல மனிதர். ஆனால் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். ஒருமுறை நெல் வந்து குவிந்திருந்த நேரத்தில் மில் சொந்தக்காரர் ஏதோ அவசரத்தில் "ஒரு எஞ்சினத் திருத்த ரெண்டு நாளா" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கே எஞ்சின் ஓடியது. அதன் பிறகு நாலு மாதம் அந்த மனிதரோடு சீனிமுகம்மது ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஒரு நாளும் வேலைக்குப் போகாமலும் இருக்கவில்லை. இதை ஸம்ஸியா என் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு மே மாதத்தில் மீராமுகைதீன் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு படகு கொண்டுவந்தார். மீன் வியாபாரத்தில் எங்கள் கரையில் அவர்தான் பெரிய ஆள். லொறியில் கட்டி வந்த அந்தப் படகைப் பார்க்கக் கல்முனையிலிருந்தும் சனம் வந்தது. எஞ்சின் படகுக்குள்ளே, பின்பக்கம் ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதிலிருந்து பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே ஓர் உலோகக் கால் தொங்கியது. காலுக்குள் பல்சக்கரங்கள், அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறி. கரைக்கு வரும்போது அந்தக் காலை மேலே மடித்துத் தூக்கிவிடலாம். எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. அலை முறிகிற இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும், தாண்டித்தான் வரவேண்டும், வந்ததும் மணலில் இழுத்து ஏற்றவேண்டும். அதனால் இப்படி ஓர் எஞ்சின் இந்தக் கரைக்காகவே செய்தது போலத் தெரிந்தது. படகுக்கு ஏதோ பெயர் இருந்தது. ஊர் அதைக் கால் எஞ்சின் என்றே சொன்னது.

முதலாளியின் கணக்கு எளிது. வள்ளங்கள் பிடித்த மீனைக் கடலிலேயே வாங்கி, மற்றவர்களுக்கு முன்னால் கரைக்குக் கொண்டுவந்து, ஐஸ் லொறியில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு எஞ்சின் தெரிந்த ஆள் வேண்டும். அவரே நேரில் வந்தார்.

"சீனிமுகம்மது, கடல் எஞ்சின் தெரிஞ்ச ஆள் இந்தக் கரையில நீ ஒராள்தான். நெல்லுத் தூசிக்குள்ள கிடந்து என்னத்துக்கு? வா."

"மில்லுக்காரர் பன்னிரண்டு வருசமாச் சோறு போட்ட மனுசன் முதலாளி. கேட்டுப் பாத்துத்தான் சொல்லுவன்."

கேட்டுப் பார்த்தார். மில்லுக்காரர் தடுக்கவில்லை. "போறெண்டாப் போ. உன்ட இடத்துக்கு நான் ஆள் எடுத்திருவன்" என்று மட்டும் சொன்னாராம். அதை நினைத்து இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சீனிமுகம்மது கடலுக்கு வந்தார்.

படகை அலை தாண்டிக் கொண்டுபோக ஒரு தண்டயல் வேண்டும். கடலை வாசிக்கத் தெரிந்து வள்ளத்துக்குத் தலைமை தாங்குகிறவனைத்தான் இங்கே தண்டயல் என்போம். சீனிமுகம்மது தன் மனைவியின் தம்பி ஷரிபுதீனைச் சொன்னார். ஷரிபுதீனுக்கு முப்பது வயது. இரண்டு வேலி தள்ளி, பெண்சாதி சுபைறாவின் வீட்டில் இருந்தான். அலை எழும்பி வரும்போது எது பெரியது, எதற்குப் பிறகு இடைவெளி விழும் என்று அவனுக்குத் தெரிந்த அளவு அந்தக் கரையில் வேறு யாருக்கும் தெரியாது. ஒருவர் கடலைப் பார்த்தார், மற்றவர் எஞ்சினைப் பார்த்தார். முதல் இரண்டு மாதமும் அவர்கள் வந்த விதத்தைக் கரையில் நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அலையின் முதுகில் ஏறி வருவார்கள், ஷரிபுதீன் கையைக் காட்டுவான், அந்தக் கணத்தில் சீனிமுகம்மது காலைத் தூக்குவார், படகு மணலில் வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும்.

படகு விற்ற கொம்பனியின் ஆள் ஒருவர் இரண்டு நாள் நின்று காட்டிக்கொடுத்துவிட்டு ஓர் இங்கிலீஷ்ப் புத்தகத்தைத் தந்துவிட்டுப் போயிருந்தார். சீனிமுகம்மது அதை வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டினார்.

"மாஸ்டர், எஞ்சின் சுடுற பக்கத்தையும் ஒயில் பக்கத்தையும் வாசிச்சுச் சொல்லுங்க. மத்தது எனக்குத் தெரியும்."

நாலு நாள் பின்னேரங்களில் வாசித்தேன். நான் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். எஞ்சின் சூடாக இருக்கும்போது தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது என்று பெரிய எழுத்தில் ஓர் இடத்தில் இருந்தது. அதைச் சொன்னபோது அவர் எழுதவில்லை. "இதையும் ஒராள் எழுதி வைக்கணுமா" என்று கேட்டார்.

ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் எஞ்சின் சுட்டது. சூடு காட்டும் முள் சிவப்புப் பக்கம் போயிருக்கிறது. அவர் உடனே வேகத்தைக் குறைத்து மெல்ல மெல்லக் கரைக்குக் கொண்டுவந்தார். வந்ததும் மணலில் குந்தி யோசித்தார். தொட்டியிலுள்ள நல்ல தண்ணீர் எஞ்சினுக்குள் சுற்றும், அதைக் குளிரவைப்பது கடல்தண்ணீர். காலில் உள்ள சிறு துளைகளால் தண்ணீரை உறிஞ்சி, ஒரு பம்ப் அதைத் தொட்டியைச் சுற்றியுள்ள குழாய்களால் அனுப்பி, வெளியே விடும். வெளியே வரும் தண்ணீர் குறைந்திருப்பதைக் காலையிலேயே தான் கவனித்ததாக என்னிடம் சொன்னார். காலின் துளைகளைப் பார்த்தார். பாசியும் மணலும் அடைத்திருந்தன. அதைக் கம்பியால் துடைத்தால் போதும் என்று காலிதீன் சொன்னார். காலிதீன் முதலாளியின் மருமகன். படகு விஷயம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது.

சீனிமுகம்மது அதோடு விடவில்லை. பம்பைத் திறந்தார். உள்ளே ஆறு இதழுள்ள ரப்பர்ச் சக்கரம் ஒன்று இருக்கும். அது சுழன்றுதான் தண்ணீரைத் தள்ளும். எங்கள் கரை மணல் அதை அரத்தால் ராவியதுபோல் தேய்த்திருந்தது. இரண்டு இதழ்கள் இல்லவே இல்லை.

"புதுச் சக்கரம் ஒண்டு இரிக்கிதானே, அதப் போடுங்க" என்றார் காலிதீன்.

"போடலாம். அறுந்த ரெண்டும் எங்க போன? குழாய்க்குள்ள எங்கயோ கிடக்கும். அது கிடக்கக்குள்ள புதுசப் போட்டும் சூடு இறங்காது."

ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, வாயால் ஊதிப் பார்த்து, மத்தியானத்துக்குப் பிறகு இரண்டாவது துண்டையும் எடுத்தார். கொம்பனி மேலதிகமாகத் தந்திருந்த ஒரேயொரு சக்கரத்தைப் போட்டார். மறுநாள் முள் தன் இடத்தில் நின்றது. அன்றிலிருந்து, ஆழம் வரும்வரை எஞ்சினை இயக்கவேண்டாம், துடுப்பால் வலித்துக்கொண்டு போய் அலைக்கு அப்பால்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குக் கொஞ்ச நேரம் கூடச் செல்லும். அந்தக் கொஞ்ச நேரம் காலிதீனுக்குப் பிடிக்கவில்லை.

சூட்டுக் கதை அப்படி முடிந்தது. அதன் பின்னால் வந்ததுதான் பெரிய வருத்தம்.

காலுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் ஒயிலில் மூழ்கி ஓடவேண்டும். அந்த ஒயிலைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சீனிமுகம்மது ஒரு வெள்ளைப் பீங்கானில் வடித்துப் பார்ப்பார். ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள் பீங்கானோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். அதில் இருந்தது தேங்காய்ப்பால் போல் இருந்தது.

"ஒயிலோட கடல்தண்ணி சேந்திட்டு மாஸ்டர். உள்ளுக்கு வார வழி ஒண்டுதான்."

விசிறியைக் கழற்றினார். அதற்குப் பின்னால் அச்சில் மீன்பிடி நைலோன் நூல் இறுக்கமாகச் சுற்றிக் கிடந்தது. அந்த வருஷங்களில்தான் நைலோன் எங்கள் கரைக்கு வரத் தொடங்கியிருந்தது. கடலில் அறுந்து மிதந்த நூல் எப்போதோ சுற்றி, தண்ணீரை உள்ளே விடாமல் காக்கிற ரப்பர் வளையத்தைக் கத்திபோல வெட்டியிருந்தது. வளையத்தை எங்கள் பக்கத்தில் சீல் என்பார்கள். அது கொழும்பில்தான் கிடைக்கும். முதலாளிக்காக நான் கொம்பனிக்குக் கடிதம் எழுதினேன். சீல் இரண்டு, பம்புச் சக்கரம் இரண்டு, பல்சக்கர ஒயில் ஒரு தகரம். பத்து நாளில் பதில் வந்தது. சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஆறு கிழமை, ஒன்றரை மாதம், செல்லும், மணலும் நூலும் கொம்பனியின் பொறுப்பல்ல.

"ஆறு கிழமைக்குப் படகக் கரையில போடுவம்" என்றார் சீனிமுகம்மது.

காலிதீன் தலையை ஆட்டினார். "ஆறு கிழமையெண்டா வாடைக்காலம் வந்திரும். கடல் கிண்டத் தொடங்கினாப் படக ஆருக்கும் எடுக்க ஏலாது. இப்பதான் மீன். வாடையில படகு சும்மாதானே கிடக்கும், அப்ப ஆறுதலாத் திருத்துங்க. இப்ப ஏதாவது செஞ்சு ஓட்டுங்க. நீங்க செய்யாத வேலையா?"

அந்தக் கடைசிச் சொல்லில் சீனிமுகம்மது விழுந்துவிட்டார் என்று நினைக்கிறேன். தோல் பதனிடும் ஒருவரிடம் காலிதீனே போய் எருமைத்தோல் வாங்கிவந்தார். சீனிமுகம்மது அதை வளையமாக வெட்டி, ஆட்டுக்கொழுப்பில் ஊறவைத்து, சீல் இருந்த இடத்தில் இறுக்கினார். அதோடு தினமும் பின்னேரம் காலின் அடித்திருகாணியை மெல்லத் தளர்த்துவார். தோல்வளையத்தால் கசிந்த தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், அது முதலில் சொட்டும். ஒயில் வரத் தொடங்கியதும் இறுக்கிவிட்டு, குறைந்ததை ஊற்றி நிரப்புவார். அரை வேகத்துக்கு மேல் விட மாட்டார். இருபது நாள் இப்படி ஓடியது. காலிதீன், வாடி என்று நாங்கள் சொல்லும் கரைக்கொட்டிலுக்கு வந்திருந்தவர்களிடம், "கொம்பனிக்கு ஏலாதத நம்மட ஆள் தோலால செஞ்சிட்டார்" என்று சொன்னதை நானே கேட்டேன்.

செப்டம்பர் கடைசிக் கிழமையில் ஒருநாள், வெயில் நன்றாக இருக்கும்போது, வடித்த ஒயிலைப் பீங்கானில் சரித்துப் பார்த்தார். அடியில் பொடி பளபளத்தது. விரலால் தொட்டு உரசினார். இரும்பு. காலின் மேல்பாகத்தில் சூட்டால் பூச்சு கொப்புளித்திருந்தது. பீங்கானைக் காலிதீனிடம் கொண்டுபோனார்.

"பல்லு தின்னத் தொடங்கிட்டு. இனி ஓட்டினாக் கடல்லதான் நிக்கும்."

"எல்லா எஞ்சின்லயும் தூள் வரும்."

"இது தூளில்ல தம்பி. நான் ஏற மாட்டன்."

"ஏறாட்டி இறங்குங்க. எஞ்சின எடுக்க, நிப்பாட்ட, காலத் தூக்க ஷரிபுதீனுக்கும் தெரியும். நாலு மாசமாப் பாத்துக்கிட்டுத்தானே நிக்கான்."

சீனிமுகம்மது தன் தகரப் பெட்டியை வாடியிலிருந்து சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஷரிபுதீன் அதற்குச் சம்மதிக்க மாட்டான் என்று அவர் நம்பியிருந்தார். பின்னேரம் ஸம்ஸியாதான் வந்து சொன்னாள், தம்பி ஓம் என்று சொல்லிவிட்டானென்று. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். தான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவன். அன்று அவர் அவன் வீட்டுக்குப் போகவில்லை. அவனும் வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் கடற்கரைக்குப் போனார். ஏன் போனார் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "படகு போறதப் பாக்கத்தான்" என்றார். படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஷரிபுதீன் அவரைக் கண்டு, தள்ளுவதை விட்டுவிட்டுக் கிட்ட வந்தான். கூட இருந்த ஹஸன் என்ற தொழிலாளி கேட்டுச் சொன்னது இது.

"மச்சான், ஏதும் சொல்றதெண்டாச் சொல்லுங்க."

"உனக்கு எல்லாம் தெரிஞ்சுதானே ஏறுறாய்."

ஷரிபுதீன் சாரத்தை மடித்துக் கட்டினான். பிறகு படகுக்குப் போனான்.

கரையிலிருந்து இரண்டு மைலில் படகு இழுக்கத் தொடங்கியிருக்கிறது. காலுக்குள் ஏதோ பிடித்துக்கொள்ள, எஞ்சின் திணறியது. ஷரிபுதீன் வேகத்தைக் கூட்டினான். கூட்டக் கூட்ட எஞ்சின் சுட்டது. எரிந்த மணம் வந்தபோது நிறுத்தினான். அங்கே நின்று என்ன செய்வது என்று யோசித்தவனுக்கு, தினமும் காலையில் மச்சான் முதல் வேலையாகத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பார்ப்பது ஞாபகம் வந்தது. நாலு மாதமாக அவன் பார்த்தது அதைத்தான். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும் காலை நேரத்தில் மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறான். "தண்ணி குறைஞ்சிட்டாக்கும்" என்று சொல்லிக்கொண்டு, ஒரு சாக்குத்துண்டால் மூடியைப் பிடித்துத் திருகியிருக்கிறான். கொதித்த நீராவி முகத்தில் அடித்தது.

ஒரு வள்ளம் அவர்களைக் கட்டி இழுத்துவந்தது. செய்தி வந்ததும் சீனிமுகம்மது ஓடினார். நானும் பின்னால் போனேன். ஷரிபுதீனை மணலில் கிடத்தியிருந்தார்கள். ஈரச்சாரத்தால் முகம் மூடியிருந்தது. சுபைறா இன்னும் வந்து சேரவில்லை. சீனிமுகம்மது கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்று ஹஸனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூடியத் திறந்தானா?"

அங்கே நின்ற எல்லாருக்கும் அது கேட்டது. என்ன நடந்தது என்று அதுவரை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

கல்முனையிலும் பிறகு கொழும்பிலும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். முகத்துத் தோல் ஆறியது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும் என்றான் ஷரிபுதீன். சில மாதத்தில் அதுவும் இல்லை.

ஒக்டோபரில் கொம்பனி ஆள் வந்தார். வாடியில் வைத்துக் காலைப் பிரித்தார்கள். பல்சக்கரங்கள் பல்லிழந்து கிடந்தன, ஓர் உருளை நொறுங்கியிருந்தது. தோல்வளையத்தைக் குறட்டால் பிடித்துத் தூக்கிக் காட்டி, இதை யார் வைத்தது என்று கேட்டார். அவர் சொன்னதைத் தமிழில் சொல்வதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், சீனிமுகம்மதுவும் வந்திருந்தார். நான் தமிழில் கேட்டேன். முதலாளி காலிதீனைப் பார்த்தார். காலிதீன் சீனிமுகம்மதுவைப் பார்த்தார்.

"நான் வைச்சன். இவங்க சொல்லித்தான் வைச்சன். தோல் வாங்கித் தந்ததும் இவங்கதான்."

"எஞ்சின் விசயம் எங்களுக்கென்ன தெரியும்? அவர் செய்யலாமெண்டார், நாங்க விட்டம்" என்றார் காலிதீன்.

அதை இங்கிலீஷில் சொன்னேன். பிறகு, நாங்கள் சீல் கேட்டுக் கடிதம் எழுதினோம், அதற்குப் பதிலும் வந்தது என்று நானாகச் சொல்லத் தொடங்கினேன். காலிதீன் மெதுவாக, "மாஸ்டர், உங்களக் கூப்பிட்டது அவர் சொல்றதச் சொல்லத்தான்" என்றார். முதலாளி எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டிடம் கட்டித்தரும் ஆள். நான் நிறுத்திவிட்டேன். இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை நிற்கிறது. கொம்பனி ஆள் தன் தாளில், சாரதி தகுதியற்ற பொருளைப் பொருத்தியதால் இயந்திரம் பழுதானது என்று எழுதிக்கொண்டு போனார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். சீனிமுகம்மது கேட்டுக்கொண்டிருந்தார். "தோல் வைக்காட்டி இருபது நாளைக்கு முன்னமே நிண்டிருக்கும்" என்று சொன்னார். அதை மொழிபெயர்க்கும்படி யாரும் சொல்லவில்லை.

கரையில் கதை வேறு விதமாகப் பரவியது. தோலை வைத்து மச்சானின் கண்ணைக் கெடுத்தவன் என்றார்கள். மூடியில் தோல் வைத்ததால்தான் வெடித்தது என்றும் சிலர் சொன்னார்கள். தோல் எங்கே இருந்தது, மூடி எங்கே இருந்தது என்று அவர் முதலில் விளங்கப்படுத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். மில்லில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்து நாலு மாதமாகியிருந்தது. மற்ற மில்லுக்காரர்கள் சிரித்துக் கதைத்து அனுப்பினார்கள். எங்கள் சந்தியில் ஒரு மரத்தடியில் இருந்து சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டார், மண்ணெண்ணெய் விளக்குக்கு ஈயம் பிடித்தார்.

வெளியில் உள்ளதைத் தாங்கியிருப்பார். வீட்டைத்தான் தாங்க முடியவில்லை. ஹஸன் சொன்ன இரண்டு கதையும் ஸம்ஸியாவின் காதுக்கு வந்தன. காலையில் கடற்கரையில் அவர் சொன்னது ஒன்று. பிறகு மணலில் வைத்து அவர் கேட்டது மற்றது. ஒரு பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கேட்டது எனக்குத் தெளிவாக விழுந்தது.

"சுட்டிருக்கக்குள்ள திறந்தா அடிக்குமெண்டு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"தம்பிக்குத் தெரியாதெண்டும் தெரியுமா?"

"நினைக்கல்ல. நினைச்சிருந்தாச் சொல்லியிருப்பன்."

"அவன் வந்து கேட்டானே."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும் சத்தம் கேட்டது. அவள் பிறகு அதைக் கேட்கவில்லை. நேரத்துக்குச் சோறு வைத்தாள், உடுப்புக் கழுவினாள். வேறொன்றும் கதைக்கவில்லை. அது அவளுடைய வீடு, அவளுடைய உம்மா வாப்பா கொடுத்த வளவு. அங்கிருந்து போவென்று அவள் சொல்லவில்லை. இருப்பதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மாதம் மில்லுக்காரரோடு வாய் திறக்காத மனிதர் இப்போது தன் வீட்டு முற்றத்தில் யாராவது ஒரு சொல் சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சுபைறா மருதமுனைக்காரர் ஒருவரிடம் நூல் வாங்கி, வீட்டில் தறி போட்டு நெய்யத் தொடங்கினாள். ஷரிபுதீன் தறியடியில் இருந்து நூல் சுற்றிக்கொடுத்தான். அலையைப் பார்த்துப் படகை விட்ட கை அது. நூல் சுற்றுவதிலும் கெட்டித்தனம் காட்டியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் அவன் சுற்றிய நூலைச் சுபைறா பல தடவை மறுபடியும் பிரித்துச் சுற்றினாள், அவனுக்குத் தெரியாமல். வெள்ளிக்கிழமைகளில் சீனிமுகம்மது போய் அவனைக் கையைப் பிடித்துப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போவார். வழியில் இரண்டு பேரும் கதைப்பதை நான் கண்டதில்லை.

ஒரு வருஷத்துக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து திரும்பும்போது நானும் அவர்களோடு நடந்தேன். வெயில் கடுமை. எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே மூவரும் இருந்தோம். தண்ணீர் குடித்துவிட்டு ஷரிபுதீன் கேட்டான்.

"மச்சான், அண்டைக்கு அந்த எஞ்சினுக்கு உள்ளுக்கு என்னதான் நடந்த? ஆரும் எனக்கு ஒழுங்காச் சொல்லல்ல."

சீனிமுகம்மது முதலிலிருந்து சொன்னார். நூல் சுற்றியது, சீல் வெட்டியது, ஒயிலில் தண்ணீர் கலந்தது, தண்ணீர் கலந்த ஒயில் பல்லைக் காப்பாற்றாமல் விட்டது, இரும்புப் பொடி வந்தது. கால் பிடித்துக்கொண்டதும் எஞ்சின் ஏன் சுட்டது என்றும் சொன்னார். மண்ணில் குச்சியால் கீறிக்கொண்டே சொன்னார். ஷரிபுதீனால் அதைப் பார்க்க முடியாது என்பதை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கடைசியில் மூடியைப் பற்றிச் சொன்னார். புத்தகத்தில் அது எழுதியிருந்ததையும், நான் அதை வாசித்துச் சொன்னதையும், தான் கொப்பியில் எழுதாமல் விட்டதையும் சொன்னார்.

"நீ வந்து கேக்கக்குள்ள எனக்கு அது வாயில வந்திருக்கணும். வரல்ல. எனக்குக் கோவம்."

ஷரிபுதீன் முகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும்தான் கோவம். என்னய விட்டுட்டு நீங்க இறங்கினதெண்டு. நான் ஓமெண்டது உங்களக் கேக்காமத்தான். நீங்க சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பனோ தெரியா."

"கேட்டிருப்பாய்."

"ஓம். கேட்டிருப்பன்."

பிறகு ஷரிபுதீன் எழும்பினான். சீனிமுகம்மது வழக்கம்போல் கையைப் பிடிக்கப் போனார். அவன் கையை இழுத்துக்கொண்டான். கோபமாக இழுக்கவில்லை, மெதுவாகத்தான்.

"வேணாம் மச்சான். வெள்ளிக்கிழமைக்கு இனி ஹஸன் வருவான். நீங்க வரவேணாம். மாஸ்டர், என்னய வேலி மட்டும் விட்டுருங்க."

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிந்திய மாதம் சீனிமுகம்மது அட்டாளைச்சேனைக்குப் போனார். அங்கே ஒரு சின்ன மில்லுக்கு எஞ்சின்காரர் தேவைப்பட்டது. பழைய கதை அங்கே எட்டவில்லையோ, எட்டியும் பொருட்படுத்தவில்லையோ தெரியாது. மில்லோடு சேர்ந்த ஓர் அறையில் தங்கினார். மாதம் ஒருமுறை சம்பளத்தைக் கொண்டுவந்து ஸம்ஸியாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். பிறகு அதையும் யாராவது கையில் கொடுத்தனுப்பத் தொடங்கினார். மீராமுகைதீன் முதலாளி அந்தப் படகின் காலைக் கழற்றிக் கொம்பனிக்கு அனுப்பிவிட்டு, உடலை ஒரு நிந்தவூர்க்காரருக்கு விற்றார். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டிடமும் வந்தது. நான் அதில் ஏழு வருஷம் படிப்பித்தேன்.

அட்டாளைச்சேனையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போன சமயம் அவரைக் கண்டேன். தவிட்டுத் தூசி தலையெல்லாம் படிந்து, மில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். தேநீர் வாங்கித் தந்தார். சுபைறாவுக்குத் தறி ஓடுகிறதா என்று கேட்டார், ஓடுகிறது என்றேன். ஷரிபுதீனுக்குச் சுகமா என்று கேட்டார், சுகம் என்றேன். ஸம்ஸியாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்வதற்கும் அவள் ஒன்றும் சொல்லியனுப்பியிருக்கவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.